இழை: ஆப்பிரிக்காவின் தெற்கே 14 நாள், எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பொதிகைவாசன் | மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசகன் மட்டும்தான், இன்றுதான் முதல் பதிவு.

ஆகஸ்டில் 14 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம் போய்க் காடும் விலங்கும் பார்க்க வேண்டும் என்பது பத்து வருட ஆசை. நான், மனைவி, 11 வயது மகன், 68 வயது அம்மா. அம்மா களக்காட்டுக்காரர். மலையடிவாரத்து வாழைத்தோட்டத்துக்குள் யானை வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவர். முட்டி வலி உண்டு, அதிக தூரம் நடக்க முடியாது. சுத்த சைவம். மகன் விலங்குகளைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் கீழே வைக்க மாட்டான்.

ஒரு பயண முகவர் கொடுத்த திட்டத்தில் கேப் டவுன், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காடு, விக்டோரியா அருவி, ஒகவாங்கோ, நமீபியாவின் செம்மணல் மேடுகள் எல்லாமே இருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஏழு விமானம். எந்த இடத்திலும் இரண்டு ராத்திரிக்கு மேல் கிடையாது. அம்மாவை வைத்துக்கொண்டு இது ஆகாது என்று தெரிகிறது. எதை விடுவது என்றுதான் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்நாய் | மார்ச் 2

க்ரூகர் மட்டும் போதும் சார். மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். 1926-இல் தேசியப் பூங்கா ஆனது. வடக்கே இருந்து தெற்கே ஏறத்தாழ 360 கிலோமீட்டர், பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். நல்ல தார்ச்சாலை, முகாமுக்குள்ளேயே கடை, பெட்ரோல், சமையலறையோடு குடில். அம்மாவுக்கு நீங்களே சோறு பொங்கிக்கொள்ளலாம். வாடகைக் காரை நாமே ஓட்டலாம். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. அந்த வேகத்தில் போனால்தான் எதுவும் கண்ணில் படும்.

ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சபீ முகாம் வரை சபீ ஆற்றை ஒட்டி ஒரு சாலை போகிறது. காலையில் கேட் திறந்ததும் முதல் ஆளாக அதில் கிளம்புங்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம், இந்த ஐந்தில் நான்கையாவது நான்கு நாளில் பார்த்துவிடலாம். லோயர் சபீ பக்கத்தில் சன்செட் டேம் என்று ஒரு குளம். சாலையோரமே நீர்யானையும் முதலையும் கிடக்கும். அம்மா காரை விட்டு இறங்கவே வேண்டாம். (இறங்கவும் கூடாது.)

---

ஆற்றங்கரை மாறன் | மார்ச் 3

தம்பி பொதிகைவாசன், செந்நாய் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு க்ரூகர் நிம்மதியான இடம். ஆனால் நான் போட்ஸ்வானாவில் ஒன்பது வருடம் கணக்கராக வேலை பார்த்தவன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன். என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். ஆகஸ்ட் என்றால் மே மாதத்திலிருந்து பெரும்பாலான இடங்களில் ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. மோபானி மரம் இலையை உதிர்க்க ஆரம்பித்திருக்கும். மழைக்காலத்தில் காடெங்கும் தேங்கிய குட்டைகள் வற்றிப்போயிருக்கும். மிச்சம் இருக்கும் நீருக்கு எல்லா விலங்கும் வந்தே ஆக வேண்டும். அதனால் விலங்கைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காருங்கள். முட்டி வலி உள்ள அம்மாவுக்கும் இதுதான் சரிப்படும்.

இப்படி யோசித்தால் ஒரு வழி தானாகக் கிடைக்கிறது. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கே எட்டோஷா தேசியப் பூங்கா. அப்புறம் ருண்டு, திவுண்டு வழியாகக் கிழக்கே ஒகவாங்கோ ஆறு. மறுபடி கிழக்கே போய், போட்ஸ்வானாவின் கசானே ஊரில் சோபி ஆறு. விண்ட்ஹுக்கிலிருந்து கசானே வரை பிரதான சாலை முழுக்கத் தார். சாதாரணக் காரே போதும். நமீபியாவில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நமக்குப் பழகியது.

எட்டோஷாவின் நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஓர் உப்புப் படுகை. வெள்ளை வெளேரென்று, புல் பூண்டு இல்லாமல், அடிவானம் வரை. அதன் தெற்கு விளிம்பில் ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணற்று நீர்க்குட்டைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒகாக்குவேயோ முகாமுக்குள்ளேயே ஒரு குட்டை, சுற்றி மதில், மதிலுக்கு இந்தப் பக்கம் பெஞ்சு, ராத்திரி முழுக்க விளக்கு. அறையிலிருந்து நூறு இருநூறு அடி நடந்தால் போதும். கருப்புக் காண்டாமிருகம் ராத்திரியில் தண்ணீர் குடிக்க வரும். காட்டில் அதை இவ்வளவு நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒகவாங்கோ ஆற்றின் கதை தனி. அது பிறப்பது அங்கோலாவின் மேட்டு நிலத்தில். அங்கே மார்கழி, தை மாதங்களில் கொட்டும் மழை ஆறாக இறங்கி, நமீபியாவின் ஒரு மெல்லிய துண்டைக் கடந்து, போட்ஸ்வானாவுக்குள் போகிறது. அது கடலுக்குப் போவதில்லை. கலகாரி மணலில் விசிறி போல விரிந்து, ஆவியாகியும் மணலுக்குள் இறங்கியும் முடிந்துவிடுகிறது. நிலம் அவ்வளவு தட்டை என்பதால் வெள்ளம் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். அந்த விசிறியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் மவுன் ஊரை எட்டும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அதாவது சுற்றிலும் வறட்சி உச்சத்தை நெருங்கும் நேரத்தில்தான் அங்கே வெள்ளம் நிறைகிறது. இந்த ஒரு காலக்கணக்கில் அத்தனை உயிர்களும் பிழைக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்த்தது இதைத்தான்.

டெல்டாவுக்குள் சின்ன விமானத்தில் பறந்து போய்த் தங்கும் விடுதிகள் உண்டு, விலை நெஞ்சை அடைக்கும். உங்கள் திட்டத்தில் அதை விடலாம். திவுண்டுவில் அதே ஆற்றைக் கரையிலிருந்தே பார்த்துவிடலாம்.

---

வானம்பாடி கோவை | மார்ச் 3

மாறன் அண்ணா சொன்ன வழியைப் படித்ததும் எனக்கே கிளம்ப வேண்டும் போல இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எட்டோஷாவில் காலை எட்டு மணி வாக்கில் கட்டாயம் ஒரு குட்டையருகே இருங்கள். கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். சிங்கத்தைப் பார்க்கிற அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆண் பறவையை மட்டும் கவனியுங்கள். குடித்து முடித்ததும் உடனே பறக்காது. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி, உடம்பை அசைத்து அசைத்து நனைக்கும். அதன் வயிற்று இறகுகள் பஞ்சு போல நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பல கிலோமீட்டர் பறந்துபோய்க் கூட்டருகே நிற்கும். குஞ்சுகள் ஓடிவந்து அப்பாவின் வயிற்று இறகைச் சப்பித் தண்ணீர் குடிக்கும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நமீபியாவின் மேற்கே நமீப் பாலைவனத்தில் மழை அரிது, ஆனால் கடலிலிருந்து பனிமூட்டம் வரும். அங்கே ஒரு கருவண்டு மூட்டமான காலையில் மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைக் கீழே தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி திரண்டு துளியாகி உருண்டு நேரே வாய்க்கு வந்து சேரும். மகனுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

ஆனால் அண்ணா, மழைக்காலம் என்றால் எல்லோரும் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. நவம்பர், டிசம்பரில் இம்பாலா மான்கள் ஒரே சமயத்தில் குட்டி போடும். வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேரும். மழை நன்றாகப் பெய்த வருடம் போட்ஸ்வானாவின் மக்காடிக்காடி உப்புப் படுகையில் நீர் தேங்கி பூநாரைகள் வரும். பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் காலம்.

---

ஆற்றங்கரை மாறன் | மார்ச் 3

வானம்பாடி தங்கச்சி சொல்வது உண்மை. மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்து, தண்ணீர் எங்கும் கிடைப்பதால் விலங்குகள் சிதறிப்போகும், அதுதான் சங்கடம். பொதிகைவாசனுக்கு விடுப்பு ஆகஸ்டில், அதனால் அந்தக் கேள்வி எழவில்லை.

மக்காடிக்காடி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஒகவாங்கோவிலிருந்து வரிக்குதிரைகள் மழைக்குப் பிறகு அந்தப் படுகையின் புல்வெளிக்கு நடந்து போகும். 1968-இல் கால்நடை நோய் தடுக்க ஒரு வேலி போட்டார்கள், நடை நின்றுபோனது. 2004-இல் அந்த வேலியை எடுத்தார்கள். சில வருடத்துக்குள் வரிக்குதிரைகள் பழைய பாதையிலேயே நடந்து போவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 36 வருடம் வேலி நின்றிருக்கிறது. வரிக்குதிரை அவ்வளவு காலம் வாழாது. அந்தப் பாதையில் நடந்த ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்க முடியாது. எப்படிக் கண்டுபிடித்துப் போயின என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

---

மன்னார்ப் பெருக்கு | மார்ச் 4

இவ்வளவு பேர் எழுதுகிறீர்கள், மரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. திவுண்டு பக்கம் மகாங்கோ என்று ஒரு சிறிய காடு இருக்கிறது. அங்கே ஆற்றோரம் பெருக்கமரங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்பீர்களாம், ஆங்கிலத்தில் பாவோபாப்.

நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் பள்ளிமுனையில் ஒரு பெரிய பெருக்கமரம் நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று ஊரில் சொல்லுவார்கள். சின்ன வயதில் அதன் நிழலில்தான் விளையாடினோம். பிறகு இடம்பெயர்ந்து எங்கெங்கோ போய்விட்டோம். 2017-இல் மகாங்கோவில் அந்த மரத்தைக் கண்டபோது ஓடிப்போய்க் கையை வைத்தேன். வண்டிக்காரர், இறங்க அனுமதி உள்ள இடம்தான், பயப்படாதீர்கள் என்றார். பட்டை அதே வழுவழுப்பு, அதே சாம்பல் நிறம். யானைகள் அதன் பட்டையை உரித்துத் தின்னும், ஈரம் இருப்பதால். உரித்த இடத்தில் மரம் திரும்பவும் பட்டை வளர்த்துக்கொள்ளும். மற்ற மரமென்றால் பட்டுப்போயிருக்கும்.

ஆகஸ்டில் இலை இருக்காது தம்பி. வேரோடு தலைகீழாக நட்டதுபோல நிற்கும். அம்மாவை அதன் அடியில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள்.

---

செந்நாய் | மார்ச் 4

> ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணற்று நீர்க்குட்டைகளும்

மாறன் சார், ஒரு கேள்வி. மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மோட்டார் வைத்து நீர் இறைத்து, அதில் விளக்குப் போட்டு, விலங்கை வரவழைத்துப் பார்ப்பது சரியா? காட்டை நாம் வீட்டுத் தொழுவமாக்குவது போல எனக்குப் படுகிறது.

---

ஆற்றங்கரை மாறன் | மார்ச் 5

நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் விரும்பும் க்ரூகரே இதில் சூடுபட்ட இடம்தான். பல பத்தாண்டுகள் பூங்கா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். வறண்ட வடக்குப் பகுதிக்கு நீர் வந்ததும் வரிக்குதிரையும் காட்டுமாடும் (வில்டபீஸ்ட்) அங்கே பெருகின. அவற்றின் பின்னால் சிங்கம் வந்தது. உயரமான புல்லை நம்பி அங்கே வாழ்ந்த அரிய ரோன் மான்கள் மளமளவென்று குறைந்துபோயின. 1990-களுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான கிணறுகளை மூடினார்கள். ஆக, தண்ணீர் வைப்பதும் ஒரு தலையீடுதான், அதற்கு விலை உண்டு.

மறுபக்கம் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே. அங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லை. 1930-களிலிருந்து நீர் இறைத்துத்தான் அங்கே யானைக் கூட்டம் உருவானது. 2023 கடைசியில் மழை தாமதமானபோது மோட்டார்கள் ஓடியும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் செத்துப்போயின. இப்போது பம்பை நிறுத்து என்று யார் சொல்ல முடியும்? ஒருமுறை வைத்த தண்ணீரைத் திரும்ப எடுப்பது அவ்வளவு லேசில்லை.

யானைகள் பழைய காலத்தில் வறட்சி வந்தால் நடந்து போய்விடும். இன்று ஊர், வேலி, எல்லைக்கோடு. அதற்காகத்தான் அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஐந்து நாடும் சேர்ந்து காஸா (KAZA) என்ற எல்லை கடந்த காட்டுப் பரப்பை உருவாக்கியிருக்கின்றன. 2022-இல் விமானத்தில் எண்ணியபோது ஏறத்தாழ 2,27,900 யானை என்று கணக்கு வந்தது. அதில் பெரும்பகுதி, சுமார் 1,30,000, போட்ஸ்வானாவில்.

அந்த எண்ணிக்கையைப் படித்து சந்தோஷப்படும்போது, ராத்திரியில் சோளக்கொல்லையைக் காக்கத் தகரம் தட்டும் ஆட்களையும் நினைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா ஒருவரின் அண்ணனை யானை மிதித்துவிட்டது. அடுத்த நாள் காலை அவர் வேலைக்கு வந்து, எனக்கு டீ வைத்துவிட்டு, அதைச் சொன்னார். எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றியது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

---

நேட்டால் நடராசன் | மார்ச் 5

டர்பனில் வேலை பார்க்கும் சென்னைக்காரன். வழி வேறாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் பக்கம் ஷ்லூஷ்லூவே-இம்ஃபொலோசி என்று ஒரு காடு, டர்பனிலிருந்து மூன்று மணி நேரம். 1895-இலேயே பாதுகாக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டு முடிவில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாக இங்கே மட்டும்தான் மிச்சம் இருந்தது. 1960-களில் இங்கிருந்து பிடித்து மற்ற காடுகளுக்கு அனுப்பினார்கள். இன்று உலகத்தில் எங்கே தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பாட்டன் பூட்டன் இந்தக் காட்டுக்காரன்தான்.

இப்போது திருட்டு வேட்டைக்குப் பயந்து கொம்பை முன்கூட்டியே அறுத்துவிடுகிறார்கள். கொம்பும் நகம் போலத்தான், மெல்ல வளரும். அதற்கு வலிக்காது. பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

---

பொதிகைவாசன் | மார்ச் 7

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மாறன் அண்ணா சொன்ன வழியையே எடுக்கிறோம். ஒகாக்குவேயோ 3 ராத்திரி, எட்டோஷாவின் மற்ற முகாம்களான ஹலாலி 1, நமுடோனி 1, திவுண்டு 2, கசானே 3, மிச்சம் பயணத்துக்கு. மணல்மேடுகளை விட்டதில் மனைவிக்கு வருத்தம். இன்னொரு முறை என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு, காய்ச்சல், எல்லை பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

---

ஆற்றங்கரை மாறன் | மார்ச் 7

விண்ட்ஹுக்கில் பெரிய கடைகளில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் கிடைக்கும். குக்கர் மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். எட்டோஷா குடில்கள் சிலவற்றில்தான் அடுப்பு இருக்கும், முன்பதிவின்போதே கேளுங்கள். ஆகஸ்ட் முன்பதிவுக்கு மார்ச் என்பதே தாமதம், இந்த வாரமே போடுங்கள்.

ருண்டுவுக்கு அப்பால் முழுக்க மலேரியாப் பகுதி. கிளம்பும் முன் டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசுங்கள், அம்மாவின் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக விமானம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்க வாய்ப்புண்டு. விடியற்காலையில் நல்ல குளிர், கம்பளி வேண்டும்.

வாடகை வண்டியை நாடு தாண்டி ஓட்ட அந்த நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஓட்டவே ஓட்டாதீர்கள். குடு மான் பாய்ந்தால் வண்டியும் மிஞ்சாது. டயரை, குறிப்பாக உதிரி டயரை, எடுக்கும் இடத்திலேயே சோதியுங்கள்.

சோபி ஆற்றோரச் சாலை ஆழமான மணல், உங்கள் காரில் முடியாது. படகில் போங்கள். அது இன்னும் நல்லது. கசானேயிலிருந்து ஒரு நாள் விக்டோரியா அருவிக்கும் போய் வரலாம். 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். ஆகஸ்டில் நீர் ஓரளவு நன்றாகவே இருக்கும், சாரலும் கண்ணை மறைக்காது.

---

பொதிகைவாசன் | செப்டம்பர் 6

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மாறன் அண்ணா எச்சரித்தும் உதிரி டயரை நான் கண்ணால் பார்த்ததோடு விட்டுவிட்டேன். ஹலாலியில் காலையில் பார்த்தால் பின்பக்க டயர் தரையோடு தரை. உதிரியில் பாதிக் காற்றுகூட இல்லை. வண்டி கொடுத்த இடத்துக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. முகாம் ஊழியர் ஒருவர் தன் வண்டியிலிருந்து பம்பு கொண்டுவந்து, சட்டை நனைய அரை மணி நேரம் உழைத்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. மகனிடம் இருந்த கடலை மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒகாக்குவேயோவில் இரண்டாம் நாள் மதியம் ஓர் ஆண் யானை தனியாக வந்தது. அந்த ஊர் மண் வெள்ளை என்பதால் யானையும் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "முதுகு பள்ளமா இருக்குடா. நம்ம ஊர் ஆனைக்கு மேடு" என்றார். நான் படித்திருக்கிறேன், ஆனால் கண்ணில் பட்டதில்லை. அவர் பார்த்தவுடன் பிடித்துவிட்டார். பெட்டைக்கும் தந்தம் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு நம்பவே முடியவில்லை. தந்தம் மட்டும் சின்னதாக, நுனி உடைந்து இருந்தது. அங்கே உணவில் தாதுச்சத்து குறைவு, அதனால் தந்தம் எளிதில் முறிந்துவிடும் என்று மகன் விளக்கினான்.

அன்று இரவு காண்டாமிருகம். பெஞ்சில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்போம், இருமல் சத்தம்கூட இல்லை. இருட்டிலிருந்து முதலில் கால் சரளையில் படும் ஓசை. வெளிச்சத்தின் விளிம்பில் வந்து நின்று மூக்கைத் தூக்கி வெகுநேரம் மோந்து பார்த்தது. குனிந்தபோது தண்ணீருக்குள் இன்னொன்று தலைகீழாக மேலே வந்து இரண்டும் வாயோடு வாய் தொட்டன. உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்டது. மனைவி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

செந்நாய் சார், சிங்கத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தோம், அதுவும் தூரத்தில். சிறுத்தை இல்லை. ஆனால் குறை ஒன்றும் தோன்றவில்லை.

ருண்டு போகும் வழியில் குரூட்ஃபொன்டெய்ன் பக்கம் ஹோபா விண்கல்லைப் பார்த்தோம். 60 டன் இரும்பு, விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. மகன் அதன் மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்துவிட்டான். அப்புறம் முருரானி என்ற கால்நடைச் சோதனைச்சாவடி. அதுவரை மைல் கணக்கில் பண்ணை வேலிதான். தாண்டியதும் சட்டென்று சாலையோரம் முழுக்கக் கூரை வீடுகள், ஆடு மாடு, பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள்.

அங்கே ஒரு வீட்டுமுன் இரண்டு பெண்கள் மர உரலில் எதையோ மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். கம்பு. அவர்கள் அதை மகாங்கு என்கிறார்கள், அன்றாடம் களி அதில்தான். இந்தத் தானியமே ஆப்பிரிக்காவில் பயிராகி மூவாயிரம் வருடத்துக்கு முன்பே நம் பக்கம் வந்து சேர்ந்தது என்று பிறகு படித்தேன். அம்மா உலக்கையை வாங்கி நாலு குத்துக் குத்தினார், முட்டி வலியை மறந்து. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அன்று இரவு அந்தக் கம்பு மாவில் கூழ் காய்ச்சி வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தோம், ஒகவாங்கோ கரையில், நீர்யானை உறுமும் சத்தத்தோடு.

மன்னார் அக்கா, உங்கள் மரத்தின் அடியில் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தேன், தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் சார்பில் நானும் கை வைத்துவிட்டு வந்தேன்.

எல்லையில் நோய்க் கிருமி போகாமல் இருக்க எல்லோர் செருப்பையும் மருந்து நனைத்த சாக்கில் மிதிக்கச் சொன்னார்கள். கசானேயில் படகு. ஆற்று நடுவே செடூடு என்று ஒரு புல் தீவு. போட்ஸ்வானாவும் நமீபியாவும் அதற்காகச் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-இல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானதாம். மாலையில் ஒரு யானைக் கூட்டம் அந்தத் தீவுக்கு நீந்திப் போனது. ஆழத்தில் உடம்பு மறைந்து தும்பிக்கை மட்டும் வரிசையாக மேலே தெரிந்தது. குட்டியை நடுவில் விட்டு இரு பக்கமும் பெரியவை அணைத்துக்கொண்டு போயின. குட்டியின் தும்பிக்கை ஒரு முறை மூழ்கியதும் படகில் இருந்த எல்லோரும் "ஐயோ" என்றோம். உடனே மேலே வந்தது.

---

வானம்பாடி கோவை | செப்டம்பர் 6

படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது சார். கல்கௌதாரி பார்த்தீர்களா? அதை எழுதவே இல்லையே.

---

பொதிகைவாசன் | செப்டம்பர் 7

மன்னிக்கவும், பார்த்தோம். நானே எழுதுவதைவிட மகனின் நோட்டிலிருந்து ஒகாக்குவேயோவின் முதல் நாள் பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

காலை 7.05 – கருமுதுகு நரி 2. சண்டை போட்டன.
8.20 – கல்கௌதாரி. எண்ண முடியவில்லை. ஒரு ஆண் வயிற்றை நனைத்தது. நான் 14 முறை எண்ணினேன். அப்புறம் பறந்துவிட்டது.
11.15 – ஜெம்ஸ்பாக் மான் 9, வரிக்குதிரை 40-க்கு மேல். ஜெம்ஸ்பாக் கொம்பைக் காட்டினால் வரிக்குதிரை வழி விடுகிறது.
மாலை 6.25 – வேறு வகைக் கல்கௌதாரி. இருட்டின பிறகு வந்தது. நெற்றியில் கருப்பு வெள்ளைப் பட்டை.
இரவு 8.50 – ஒட்டகச்சிவிங்கி 3. காலை அகட்டிக் குனிய 20 நிமிஷம் யோசித்தன.
11.40 – காண்டாமிருகம், அம்மாவும் குட்டியும். ஆச்சியை எழுப்பப் போனேன். ஆச்சி முழித்துத்தான் இருந்தாள்.